நீ விட்டுப்போன மிஷின் ஓடுகிறது

மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நான் விசாரிக்கவில்லை, வேலை போனதும் இருமல் நிற்காததும் உன் கடிதத்திலேயே இருந்தது. வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே அலையாதே. திரும்பி வந்து நம் பட்டறையிலேயே மிஷினில் நிற்கிறேன் என்று கேட்டிருந்தாய், அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மிட்டாய்க் காகிதம் அச்சடித்துக்கொண்டிருந்த மிஷினில் சூரிய மின்தகடு செய்யலாம் என்று சொன்னவன் நீ, நம்பினவள் நான். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் துண்டில் வெயிலை மின்சாரமாக்கும் மையை ஒரு சொட்டு விட்டு விர்ரென்று சுழற்றுவாய், பூச்சு வழவழவென்று வரும், அதைக் காட்டியே என்னை மயக்கினாய். மிஷினில் ஓடுகிற பிளாஸ்டிக் சுருளை அப்படிச் சுழற்ற முடியுமா, நீளமான பிளவு வழியாக மையை இறக்கித்தான் பூச வேண்டும், பூசினால் ஓரம் தடிக்கிறது, காய்வதற்குள் நடுவில் கோடு விழுகிறது. அது குற்றமில்லை, யாருக்கும் விழும். தகடு வாங்க வந்தவரிடம் சுழற்றி எடுத்த துண்டுகளை மிஷினில் வந்தவை என்று காட்டினாயே, அது குற்றம். அவர் சுருளை ஓட்டிக் காட்டச் சொன்னார், கோடு கோடாக வந்தது, நீ கூசாமல் உன் தங்கையைக் கைகாட்டினாய். "மை கலக்குறது இவதான் சார், இவ கை வச்சா எதுவும் விளங்காது" என்றாய். அவள் கோடு விழுந்த சுருளைச் சுற்றி எடுத்து வைத்தாள். அவர் காரில் ஏறிப் போனார், அந்த வாரமே நீ விமானம் ஏறினாய்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அவளுக்குக் 'கோடு' என்றே பெயர் வைத்தார்கள், தெருவில் போனால் "கோடு போகுது பாரு" என்பார்கள். காதில் விழாதவள் போல வருவாள், மை இறங்கும் பிளவுத் தலையைக் கழற்றிக் கழுவுவாள், மறுபடி பூசுவாள், விரலில் தோல் உரிந்து தொங்கும். கடைசியில் பூச்சு விழுந்த உடனே அதன்மேல் சூடான காற்றைக் கத்தி மாதிரி மெல்லிசாக வீசச் செய்தாள், ஈரம் ஓடிக் கூடுவதற்குள் இறுகிவிட்டது, கோடு நின்றது. இப்போது சுருள் முழுக்க ஒரே நிறம்.

போன மாதம் அதே மனிதர் வந்து ஒரு வருஷத்துச் சரக்குக்குச் சொல்லிவிட்டுப் போனார். "உங்க பையன் எங்கம்மா?" என்று கேட்டார். "எனக்கு ஒரே பொண்ணுதான் சார்" என்றேன். அவர் போனதும் உன் தங்கை, "அண்ணனை வரச் சொல்லும்மா, நான் எப்பவோ மறந்துட்டேன்" என்று அழுதாள். நான் மறக்கவில்லை, "அவன் உள்ள வந்தா நீ வெளிய போ" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை, தட்டை எடுத்துக்கொண்டு மிஷின் பக்கம் போய்ச் சாப்பிடுகிறாள். பேசாவிட்டால் போகட்டும், பூச்சு நன்றாக விழுகிறது.

உன் அறையில் சுருள்களை அடுக்கியிருக்கிறோம். சாவி உன்னிடம்தானே இருக்கிறது, அதைத் திருப்பி அனுப்ப மெனக்கெடாதே, பூட்டை மாற்றியாயிற்று. நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்