முப்பது மூச்சு

திருமுல்லைவாயில்
23-3-2025, ஞாயிறு

அன்புள்ள மேக்ஸ்வெல்லுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க மன்றாடுகிறேன். பக்கத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிப்பாய். நேரில் வந்தால் நீ தோளில் கை போட்டு, "இன்னா மாமா, அதெல்லாம் ஒண்ணியும் இல்ல" என்பாய். நான் தலையாட்டி, நீ வாங்கித் தரும் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எழுபத்தோரு வயது வரை அப்படியே இருந்துவிட்டேன். அதனால் எழுதி உன் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை பாரிவாக்கத்துக் குளத்தில், உன் முக்குளிப்பு வகுப்பில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தவறிருந்தால் திருத்து.

நம் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஜெர்வினின் மகள் எவாஞ்சலினைப் படியில் உட்காரவைத்தாய். மூச்சடக்குவதற்கு முன் முப்பது முறை வேகமாக இழுத்து விடச் சொன்னாய். நான் ஸ்டாப்வாட்சோடு நின்று எண்ணினேன். இருபத்திரண்டில் அவள், "சார், விரலெல்லாம் மரத்துப் போவுது" என்றாள். நீ, "காத்து ஏறுதும்மா, அப்பிடித்தான் ஏறும், வுடாத" என்றாய். நான் "இருபத்துமூன்று" என்றேன்.

அந்த "இருபத்துமூன்றை" நான் சொல்லியிருக்கக் கூடாது. முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். மூச்சை அடக்கும்போது வரும் தவிப்பு, கரியமில வாயு சேர்வதால் வருவது என்று வருடந்தோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். வேகமாக மூச்சு விட்டால் அந்த வாயு வெளியே போய்விடும். பிராணவாயுவோ பெரிதாகக் கூடாது. தவிப்பு வருவதற்கு முன்பே நினைவு போய்விடும். தெரிந்துகொண்டே எண்ணினேன்.

முப்பது முடிந்து அவள் முங்கிய ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் தண்ணீருக்குள் அவள் கை மெல்ல விரிந்தது. நீ கரையில், சேர வந்தவர்களுக்குத் துறைமுகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். நீ குதித்துத் தூக்கினாய், அதற்கு நன்றி. அவள் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. கக்கிய தண்ணீர் என் செருப்பில் வழிந்தது. பத்து நிமிடம் கழித்து நீ சிக்கன் பக்கோடா பொட்டலத்தைப் பிரித்து, எண்ணெய் விரலை நக்கிக்கொண்டே, "அடுத்து யாரு?" என்றாய். தவக்கால வெள்ளி, இறைச்சி ஆகாது என்பதையாவது நினைத்திருக்கலாம்.

அந்த முப்பதை நிறுத்திவிடு. கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா ராயப்பன்


பாரிவாக்கம்
25-3-25

மாமாவுக்கு மேக்ஸ்வெல் எழுதுறது.

லெட்டரை மூணு தபா படிச்சேன். இன்னா மாமா, பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி எழுதிக்கீறீங்க! பொண்ணு நல்லா கீது. ஊட்டாண்ட போயி பாத்துட்டுதான் வந்தேன். தவக்காலம்னு காலைலேர்ந்து பட்டினி கெடந்துக்கீறா. அதான் மயக்கம். அவ நைனாகிட்டயும் அதத்தான் சொன்னேன். "சாமியா கேட்டுச்சு உன்னைப் பட்டினி கெடன்னு?"ன்னு அவரு பொண்ண புடிச்சி ஏறிட்டாரு. மேட்டர் முடிஞ்சிது.

இருவது வருசம் துறைமுகத்துல கப்பல் அடி சொரண்டினவன் மாமா நானு. முப்பது இழுத்துட்டுதான் முங்குவேன். செத்தா பூட்டேன்?

ஏப்ரல் நாலு, வெள்ளிக்கிழமை புது பேட்ச். எட்டு பேரு. மே மாசம் பாண்டிச்சேரி கடல்ல எறக்கணும். நீங்க வந்து எண்ணணும். உங்க கொரல்ல எண்ணுனாதான் அதுங்களுக்கு தெகிரியம்.

மேக்ஸ்வெல்


திருமுல்லைவாயில்
30-3-2025

அன்புள்ள மேக்ஸ்வெல்லுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பட்டினிதான் காரணமோ, உன்மேல் வீண்பழி போடுகிறேனோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை. சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வியாழன் மதியம் மீன் குழம்பு. இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து, உன் அக்காவை எண்ணச் சொன்னேன். பதினெட்டிலேயே விரல் மரத்தது. முப்பது முடிந்ததும் மூச்சை அடக்கினேன். தவிப்பே இல்லை, மேக்ஸ்வெல். எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? அடுத்து எனக்குத் தெரிந்தது, தரையில் கிடந்த என்னை உன் அக்கா கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. "சாவறதா இருந்தா சொல்லிட்டு சாவுங்க" என்றாள். என் வயிறு நிறைந்துதான் இருந்தது.

இன்று பூசை முடிந்து எவாஞ்சலின் என்னிடம் வந்தாள். "சாரி சார், நான் சாப்பிடாம வந்து உங்க கிளாஸுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! நான் "பரவாயில்லைம்மா" என்றேன். அந்தச் சொல் வாயில் திரிந்த பால் மாதிரி நின்றது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை கொப்பளித்தேன், போகவில்லை.

ஒரு பிள்ளையின் விரதத்தை எடுத்து நம் அழுக்கைத் துடைத்திருக்கிறோம். ஜெர்வினிடம் நீயே போய் உண்மையைச் சொல். புதன் வரை பார்க்கிறேன்.

ராயப்பன்


பாரிவாக்கம்
1-4-25

மாமா,

சொரத்துல எழுதிக்கீறீங்க போல. ஒண்ணு ஞாபகப்படுத்துறேன். பசங்களுக்கு குடுக்குற பேப்பர்ல "வேகமாக முப்பது மூச்சு"ன்னு முத்து முத்தா எழுதினது யாரு? சொன்னது நானு, எழுதினது நீங்க. கீழ உங்க கையெழுத்து. ஜெராக்ஸ் அல்லார் கையிலயும் கீது. நீங்க வாயத் தொறந்தா மொதல்ல நாறப்போறது உங்க பேருதான்.

வெள்ளிக்கிழம அஞ்சரைக்கு வந்துருங்க. டீ சொல்லி வெக்கிறேன்.

மேக்ஸ்


திருமுல்லைவாயில்
4-4-2025, வெள்ளி

அன்புள்ள மேக்ஸ்வெல்லுக்கு,

இந்தக் கடிதத்தை எடுத்துவர உன் அக்கா மறுத்துவிட்டாள். "தம்பிக்கும் புருசனுக்கும் நடுவுல நான் தபால்காரியா? நீங்களே போயி குடுங்க" என்றாள். கையில் கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்வாய். அதனால் நான்கு மணிக்கே வந்து குளத்தின் இரும்புக் கதவில் ஒட்டிவிடப் போகிறேன். புதிய எட்டுப் பேரும் உனக்கு முன்பே படிக்கட்டும்.

ஜெர்வினிடம் நீ போகவில்லை. நேற்று நான் போனேன். பேசினால் குழறிவிடும் என்று எழுதி எடுத்துப்போய் வாசித்தேன். ஜெர்வின், "தெரிஞ்சிகினே எண்ணிக்கீறியா யோவ்? நீயெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்றார். எவாஞ்சலின் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நான் விரதம் இருந்தது தப்பில்லையா சார்?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

புதிதாக வந்திருப்பவர்களே, உங்களிடம் உள்ள தாளில் இருப்பது என் கையெழுத்து. அது தவறு. கிழித்துவிடுங்கள்.

வயிற்றில் கை வைத்து, அது மெல்ல ஏறி இறங்கும்படி வழக்கமான வேகத்தில் மூச்சு விடுங்கள். வெளிவிடுவது சற்று நீளட்டும். இரண்டு நிமிடம் போதும். கடைசியில் ஒரே ஒரு முழு மூச்சு. விரல் மரத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். தவிப்பு வந்தால் வெளியே வந்துவிடுங்கள். கை எட்டும் தூரத்தில், கதை பேசாமல் உங்களையே பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்காவிட்டால் தலையைத் தண்ணீரில் வைக்காதீர்கள். யார் முப்பது மூச்சு இழுக்கச் சொன்னாலும் எழுந்து வீட்டுக்குப் போங்கள்.

மேக்ஸ்வெல், ஸ்டாப்வாட்சைக் கதவுக் கம்பியில் கட்டிவைக்கிறேன். டீ எனக்கு வேண்டாம்.

முப்பது வரை எண்ணியவன்,
சூ. ராயப்பன்,
விலங்கியல் ஆசிரியர் (ஓய்வு)