மெட்டு உன்னிடம் இருக்கிறது

அன்புள்ள அம்மாவுக்கு, திரிஷா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. முட்டிவலி குறைந்ததா?

தோஹாவில் சபைப் பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறேன். முதல் நாள் சுரங்களைப் புள்ளிகளாக எழுதிய நோட்ஸ் தாளைப் படிக்கத் தெரியாமல், காஞ்சிபுரத்தில் பாடுவதுபோல் மெட்டையே பாடிவிட்டேன். "மெட்டுதான் அந்தப் பக்கம் இருக்கறவங்க பாடிக்கினு இருக்காங்களேமா, நீ அதுக்குத் துணையா போற கீழ்க்குரல்" என்றார் குழுவை நடத்தும் ஆற்காட்டு மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு அவரே புள்ளி புள்ளியாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். முன்பு யாராவது பாடிக் காட்டினால்தான் வரும். இப்போது கேட்காத பாட்டையும் பார்த்துப் பாடுகிறேன்.

ஆனால் அறையில் கீழ்க்குரலை மட்டும் பாடினால் பாட்டாகவே இல்லை. இப்போது நாங்கள் பழகுவது நீ தறியில் எப்போதும் பாடும் அந்தப் பாட்டுதான். மெட்டைப் பாடி ஃபோனில் அனுப்பு. தறிச் சத்தம் விழுந்தாலும் பரவாயில்லை.

வேலைக்குப் போக வேன் வந்துவிட்டது. பாடும்போது நடுவில் நிறுத்திவிடாதே, நான் கீழ்க்குரலில் உன்னோடு கூடப் பாடிக்கொண்டிருப்பேன்.

திரிஷா