தோட்டத்து ரதியும் மஞ்சள் டோப்பாக்காரரும்

என் அருமை மச்சான் செல்லையா,

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் புவனா எழுதுகிறாள். "மாமா, மெதுவாச் சொல்லுங்க, கை வலிக்குது" என்று அதற்குள் சலிப்பு. அப்படியே அவள் அம்மா, என் தங்கச்சியின் குரல். உனக்குக் கேட்கிறதா?

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நிற்கின்றன. காமன் கூத்து வரப்போகிறது. நமக்குத் தெரிந்த கதைதான், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்லுங்கள் என்கிறாள் புவனா. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். ரதி புருஷனுக்காக அழுது பாடுவாள். நம் தோட்டத்தில் நான் மன்மதன், நீ ரதி. என் தங்கச்சியைக் கட்டி எனக்கு மச்சான் ஆவதற்கு முன்பே கூத்தில் நீ எனக்குப் பெண்டாட்டி ஆகிவிட்டாய்.

சில வருஷத்துக்கு முன்னால் புவனாவைப் பெண் பார்க்க வந்தார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

"பொம்பள வேஷம் கட்டுறவன் வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்" என்று புவனாவுக்கு வந்த ஒரு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. வரக்காப்பொலப் பக்கத்திலிருந்து அடுத்தது வந்தபோது நீ முந்திக்கொண்டாய். "இந்த வருஷம் நான் ரதி கட்டல. இனிமேலும் கட்டல. அவங்க காதுல இது விழவே கூடாது" என்று கோயில் கமிட்டியிடம் சொல்லிவிட்டாய். "அப்ப யாருக்காகடா நான் எரியிறது?" என்று நான் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. அன்று உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று மழை. அவர்களுக்கு மரியாதை செய்ய, ருவான்வெல்லைக் கடையில் டீவியும் டெக்கும் ஒரு சாமிப் படத் தட்டும் வாடகைக்கு எடுத்துவந்து பிள்ளைக்காம்பராவில் வைத்தோம். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற இடம், அதுதான் பெரிய அறை. லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க அங்கே. உறையில் சாமி படம் போட்டிருந்தது. உள்ளே இருந்த தட்டு வேறு!

கிட்டாரும் மேளமும் கூரைத் தகரத்தைத் தூக்கின. மஞ்சள் டோப்பா, மினுங்கும் சட்டை, கண்ணில் நீல மை, வெள்ளைக்காரப் பொம்பளை ஒருத்தி லாரி மேல் நின்று இங்கிலீஷில் கத்திப் பாடுகிறாள். "கெட்ட படமா இருக்குமோ?" என்று கமிட்டித் தலைவர் எழும்பினார். அதற்குள் அவள் கண்ணாடி முன் உட்கார்ந்து டோப்பாவைக் கழற்றினாள். பார்த்தால் ஆம்பளை! நரைத்த தலை.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், நம்ம ரதி அண்ணன் சீமைக்குப் போயிட்டாரு டோய்!"

மாப்பிள்ளையின் அப்பா திரும்பினார். "யாரு அந்த ரதி அண்ணன்?"

எல்லாருடைய கண்ணும் உன் மேல்தான். நீ எழுந்து டீவியிடம் போனாய். நிறுத்தப்போகிறாய் என்று நினைத்தேன். நீயோ அதன் பக்கத்தில் நின்றுகொண்டு சனத்தைப் பார்த்தாய்.

"நான்தாங்க ரதி," என்றாய். "இவரு பேரு எனக்குத் தெரியாது. பாஷையும் தெரியாது. ஆனா என்ன சொல்றாருன்னு தெரியும். சொல்லவா?"

பிறகு சொல்லிக்கொண்டே போனாய். "முன்னுக்கு இருக்கிறவன் தின்னுக்கிட்டே இருக்கான், பாட்டக் கேக்கல. அதான் இவரு கத்துறாரு." "இப்ப மை பூசுறாரே, அழகுக்கு இல்லீங்க. அழுதது தெரியக்கூடாதுன்னு." ஒருவன் இளித்தான். "சிரிக்காதடா. இப்ப அழப்போறாரு" என்றாய். நீ சொல்லி வாய் மூடவில்லை, அந்த வெள்ளைக்காரர் பாட்டை விட்டுவிட்டு அழுதார். எப்படித் தெரிந்தது மச்சான் உனக்கு?

"அனே பவ்" என்று சிங்களத்தில் பரிதாபப்பட்டார் மாப்பிள்ளையின் அம்மா. பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "நம்ம வீட்டு ஆம்பளைங்க எழவு வீட்டுலகூட மரம் மாதிரி நிப்பாங்க. சம்பந்தி இப்படி ஒரு ஆளா இருந்தா நல்லதுதானே?"

அந்த மனிதர் படத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். புவனா கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ("அதெல்லாம் எழுத மாட்டேன்" என்கிறாள். எழுதும்மா.)

"கூத்து எப்ப முடியும்?" என்று கடைசியில் அவர் கேட்டார்.

"பங்குனியில."

"அப்ப சித்திரையில தேதி வைப்போம். மன்மதன எரிக்கிறதுக்கு நாங்களும் வாறோம்."

அந்த வருஷம் நான் செத்துக் கிடக்க, என் தலைமாட்டில் நீ பாடியதை வரக்காப்பொலச் சனமும் கேட்டது. தான் செத்தால் ஒரு உயிர் எப்படி அழும் என்று உயிரோடு கிடந்து கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வருஷா வருஷம் எனக்குக் கிடைத்தது. நீ நிஜமாகவே செத்துக் கிடந்தபோது எனக்கு ஒரு வரிகூட வரவில்லை மச்சான். உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

உன் மருமகன் அந்தப் படத்தைப் பற்றி எங்கெங்கோ விசாரித்துவந்தான். வெள்ளைக்கார ஊர்களில் சில பேர் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களாம். அதே மாதிரி டோப்பா வைத்து, மை பூசிக்கொண்டு வந்து, கூடவே பாடுகிறார்களாம். எல்லாருக்கும் பாட்டு மனப்பாடமாம். இதில் என்ன அதிசயம்? நாமும் அதைத்தானே செய்கிறோம்! "மாமா சொன்னதுல பாதி படத்துல இல்ல" என்றும் சொன்னான். இருக்கட்டும். எங்களுக்கு நீ சொன்ன கதை போதும்.

தட்டை மாற்றிப்போட்ட கடைக்காரனுக்கும், முகம் தெரியாத அந்தப் பாட்டுக்காரருக்கும் நான் சாமி கும்பிடும்போதெல்லாம் ஒரு கும்பிடு போடுகிறேன். அவர்கள் இல்லாவிட்டால் நீ கடைசிவரை ஒளிந்தே இருந்திருப்பாய்.

உன் பேத்தி இப்போது நடக்கிறாள். கண்ணுக்கு மை வைத்தால் அழுவதில்லை, கண்ணாடி கேட்கிறாள்.

ஒரு சத்தியம் செய்கிறேன். நாளைக்கு அவளைப் பெண் பார்க்க யாராவது வந்தால், அவர்கள் பாயில் உட்கார்ந்ததும், தேத்தண்ணி வருவதற்கு முன்பே, யாரும் கேட்காமலே சொல்வோம்: "இவளோட தாத்தாதாங்க எங்க தோட்டத்து ரதி." நான் இருந்தால் நான் சொல்வேன். இல்லாவிட்டால் புவனா சொல்வாள். இந்த வரியை மட்டும் அவள் கை வலிக்கிறது என்று சொல்லாமல் எழுதினாள்.

கூத்தில் உன் புருஷனும் வீட்டில் உன் மச்சானுமான
காளிமுத்து
(கைநாட்டு)