தொண்ணூறு நாள் பூட்டு

நாள் 212, 07:10
யூரோப்பா நிலவு, கிழக்கு முகாம். எழுதுவது நாச்சியார், பனி ஆய்வாளர். வெளியே மைனஸ் 168. காற்றுக் கருவி சரி. காப்பித்தூள் தீர்ந்தது. திட்ட விதிப்படி இந்தக் குறிப்பும் எல்லா அளவுகளும் பதிவான நிமிடமே பொதுக் களஞ்சியத்தில் ஊருக்கெல்லாம் திறந்துவிடும். என் குறட்டையைத் தவிர இங்கே ரகசியம் கிடையாது.

நாள் 219, 15:40
பனிக்கு அடியில் ஒரு விரிசல். இங்கிருந்து மேற்கு முகாம் வரை பன்னிரண்டு கிலோமீட்டர். நாளுக்கு நான்கு மில்லிமீட்டர் விரிகிறது. யாரும் இதுவரை பார்த்ததில்லை.

புதிய கண்டுபிடிப்பென்றால் அளவுகளைத் தொண்ணூறு நாள் பூட்டி வைக்க விதியில் இடமுண்டு. பூட்டிவிட்டேன். இந்த நாட்குறிப்பைப் பூட்ட வழியில்லை; ஆனால் இதை யார் வாசிக்கப்போகிறார்கள்? போன முறை நான் திறந்து வைத்ததை எடுத்து வேறொருவர் கட்டுரை எழுதினார். நன்றி வரியில் என் பெயரிலேயே பிழை. சூடு கண்ட பூனை நான். பூட்டுக்கு இரண்டாம் கையொப்பம் வேண்டும். மேற்கு முகாமில் தனியாக இருக்கும் நாகர்கோவில்காரன் பெலிக்ஸ், என்னவென்று கேட்காமலே போட்டுக்கொடுத்தான்.

நாள் 226, 09:05
பெலிக்ஸ்: "அக்கா, இங்க தரை லேசா ஆடுத மாதிரி இருக்கு. ஒங்க கருவில எதுவும் தெரியுதா?"
நான்: "பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. கட்டுரை முடியட்டும், மொதல்ல ஒனக்குத்தான் காட்டுவேன்."
பெலிக்ஸ்: "சரிக்கா. நீங்க சொன்னா சரிதான்."

என் கணக்குப்படி பனி இன்னும் நாற்பது நாள் தாங்கும். கணக்கோடு ஒட்டாத பதினொரு அளவுகளைக் கருவியின் பிழை, வெறும் இரைச்சல் என்று நீக்கியிருந்தேன். கட்டுரைக்கு முன் எல்லோரும் செய்வதுதான்.

நாள் 229, 11:32
மேற்கு முகாம் பனிக்குள் போய்விட்டது. நாற்பது நிமிடம் கூப்பிட்டுப் பார்த்தேன். நீக்கிய பதினொன்றையும் சேர்த்தால் மூன்று நாள்தான் வருகிறது.

அழுகை வரவில்லை. சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்தேன்.

நாள் 230, 06:15
இங்கும் தரை சாய்ந்து ஆன்டெனா விழுந்தது. பூமியோடு பேச முடியாது. களஞ்சியத்துக்குத் தானாக அனுப்பும் சிறு கருவி மட்டும் ஓடுகிறது; அனுப்பியதை எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதை மட்டும் அது திருப்பிக் காட்டும். மாற்றுக் குழு ஆறு பேர், நாள் 238இல் இறங்குகிறார்கள். களஞ்சியத்தைப் பார்த்து இடம் குறித்திருக்கிறார்கள். அது விரிசலின் மேலேயே இருக்கிறது.

பூட்டைத் திறக்கப் போனேன். திரையில்: "இரண்டாம் கையொப்பத்துக்குக் காத்திருக்கிறது: பெலிக்ஸ்."

நாள் 231, 08:00
நாட்குறிப்புக்குப் பூட்டில்லை. அளவுகளைக் கையால் இங்கே அடிக்கிறேன். அனுப்பியாயிற்று. பயமாக இல்லை. வெட்கம் மட்டும் எங்கோ தூரத்தில் இருக்கிறது.

நாள் 233, 18:20
குறிப்பை வாசித்தவர்: 1. எழுந்து நின்றுவிட்டேன்.

யாரென்று திறந்து பார்த்தேன். மேற்கு முகாமின் கணினி. நான் எது எழுதினாலும் உடனே இறக்கி வைக்கும்படி பெலிக்ஸ் அதற்குச் சொல்லியிருக்கிறான், முதல் நாளிலிருந்தே. பனிக்கு அடியில் அதன் மின்கலம் இன்னும் தீரவில்லை.

நாள் 238, 13:02
மேற்கு வானில் வெளிச்சம் தெரிகிறது. இறங்காதீர்கள். 4, 4, 31, 6, 58, 4, 77. எதையும் நீக்கவில்லை. இறங்காதீர்கள்.

வாசித்தவர்: 1.