தொட்டிக்குள் படிகாரம்

ஆனி 11, செவ்வாய்
சோளகக் காத்து. முற்றமெல்லாம் புழுதி. வரிமீன் சோடியும் பவளமும் வளக்கிற கடல்தண்ணித் தொட்டியில் வெயில் படமுன் சுண்ணாம்புத் தெளிவு, சொட்டுச் சொட்டாய். அப்பச்சோடாக் கரைசல் பொழுதுபட்டாப்பிறகு. பவளம் வளர இரண்டும் வேணும். ஒண்டாய் விட்டால் தண்ணிக்குள்ளேயே கட்டிபட்டுப் போகும்.
அம்மா: "ஒரே தரத்திலை விட்டால் என்ன?"
"சொன்னால் விளங்காது. ஒருநாள் தவறினாலும் பவளம் செத்துப்போம். அவ்வளவுதான்."
பஸ்ஸுக்கு நேரம்.

12, புதன்
சுன்னாகம். மத்தியானம் திடீர் ஊரடங்கு. வேலையிடத்திலேயே மாட்டுப்பட்டாச்சு. மேசைதான் படுக்கை. கூட வேலைசெய்யிற குணம் அண்ணை: "ஊர்ச்சனம் மீனைச் சட்டிக்குள்ளை போடுது. நீ கண்ணாடிக்குள்ளை போட்டு மருந்து குடுக்கிறாய்!" எல்லாரும் சிரிப்பு. விசர்க் கதை.

13, வியாழன்
ஊரடங்கு எடுத்தாச்சு. இரவல் சைக்கிள், அச்சுவேலி வீடு வரை ஒரே மிதி.
தொட்டித் தண்ணி பளிங்கு! இப்பிடி ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு மூச்சு நேரம் சந்தோசம். பிறகுதான் கண்டது. வரிமீன் சோடியில் ஒண்டு செத்து அடியில். மற்றது சரிஞ்சு, வாய் மட்டும் அசையுது. பவளம் முழுக்கச் சளி.
"என்ன செய்தனீங்கள், அம்மா?"
"மேலை ஆமி ஹெலி சுத்தினது. பங்கருக்குள்ளை போனால் எப்ப வெளியிலை வாறதோ எண்டு இரண்டு மருந்தையும் சேத்து விட்டன். கஞ்சி மாதிரிப் போச்சு. பிறகு படிகாரம் போட்டன். கிணறு கலங்கினால் போடுறனாங்கள்தானே? தெளிஞ்சிட்டுது, பாத்தியே?"
முகத்தில் பெருமை வேற.
படிகாரம்! செவுள் அடைச்சிருக்கும்.
"சாக்காட்டிப் போட்டியள்."
புதுக் கடல்தண்ணி மாத்தினால் மற்றது தப்பலாம். எங்கை போறது? கடற்கரையில் ஆள் தெரிஞ்சாலே நேவி சுடும்.

14, வெள்ளி
அம்மாவைக் காணேல்லை. தண்ணிக் கானும் வாளியும் இல்லை.
முன்வீட்டு மாமி: "கொம்மா வெள்ளனத் தொண்டைமானாறு போறன் எண்டவ. வெள்ளிக்கிழமைதானே, சந்நிதிக் கோயிலுக்காக்கும்."
கானோடை கோயிலுக்கோ! அதுக்குப் பக்கத்திலைதான் கடல்.
சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினன். சந்தியில் அம்மா எதிரே வாறா. தலையில் கான், கையில் வாளி. சீலை இடுப்புமட்டும் ஈரம். முழங்காலில் ரத்தம்.
"சுட்டவங்களோ?"
"தலைக்கு மேலாலைதான். ஓடேக்கை கல்லிலை விழுந்திட்டன்."
"விசரே உங்களுக்கு!" றோட்டெல்லாம் பாக்கக் கத்தினன்.
"கத்தாதை. தண்ணி சிந்துது, பிடி."

தண்ணி மாத்தியாச்சு. தொட்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறா, அதே சீலையோடை. முழங்காலைத் தொடவும் விடுறா இல்லை.
"முதல்லை மீன் நிமிரட்டும்."
இன்னும் நிமிரேல்லை.