நாணல் அறுத்த வாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்
புழுக்கம். மழை வருவதுபோல் வந்து போய்விட்டது. நாணல் படுகையில் அறுப்பு முடிந்தது. எங்கள் தொழிற்சாலை முலாம் பிரிவின் நிக்கல் கலந்த கழிவுநீர் இந்தச் சரளையிலும் வேரிலும் ஊறித் தெளிந்து வெளியேறுகிறது. இன்றைய பிஹெச் 7.4. நல்லது.
வாங்க: கையுறை, பேட்டரி, ஷாம்பு.
அறுத்த கட்டுகள் கழிவுக் கொட்டகையில் பூட்டிக் கிடக்க வேண்டும். ஏழு கட்டு குறைகிறது.

5, செவ்வாய்
தோட்ட வேலை கஸ்தூரி அக்காவின் மொபெட்டில் நாணல், பச்சையாக.
"இன்னா மேடம் அப்புடி பாக்குற? மாட்டுக்குத்தான். உள்ள பூட்டி வெச்சு பூஜை பண்ணப் போறியா?"
விஷம் இருக்குக்கா என்றேன்.
"நீதான சொன்ன, விஷத்த செடி தின்னுடும்னு. தின்னது செரிச்சுப் போயிருக்கும், போ!"
ஆமாம், நான்தான். எல்லோருக்கும் புரியட்டும் என்று அப்படிச் சொன்னேன். நிக்கல் செரிப்பதில்லை, இடம் மாறுகிறது. வேரில் அதிகம், இலையில் கொஞ்சம். கொஞ்சம் என்றால் எவ்வளவு?
அக்காவின் மகளுக்கு ஏழாம் மாதம். தினம் இரண்டு டம்ளர், அந்த மாட்டுப் பால். போன அறுப்பிலிருந்தே மாட்டுக்கு இந்த நாணல்தானாம்.

6, புதன்
தூறல். இலையையும் பாலையும் சோதனைக்கு அனுப்பலாமா என்று மேலாளரிடம் கேட்டேன்.
"பால எதுக்குங்க டெஸ்ட் பண்ணணும்? பேப்பர்ல வந்துட்டா நமக்குத்தான் பேஜாரு. நாணல் எடுத்தத பதிவேட்டுல எழுதுங்க, அந்தம்மாவ நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டா முடிஞ்சுது."
பதிவேட்டில் எழுதினால் அக்காவுக்கு வேலை போகும். எழுதவில்லை. கோழைத்தனமா, கருணையா? இரண்டுக்கும் ஒரே முகம். இலையை மட்டும் என் பெயரில் அனுப்பினேன்.
அக்காவிடம் மறுபடி பேசினேன். செடி தின்றது செடிக்குள்ளேயே இருக்கும். மாடு தின்றால் மாட்டுக்குள். இந்த முறை சிரிக்கவில்லை.
"என் பொண்ணு குடிச்சுக்குனு இருக்காளேமா."


11, திங்கள்
வெயில். முடிவு வந்தது. இலையில் நிக்கல். தீவனத்துக்கு ஆகாது. மகளை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்ல அக்காவைத் தேடிப் போனேன். களை பிடுங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு தெளிவு.
"கவலப்படாத மேடம். அவளுக்கு இப்ப பாக்கெட் பாலுதான். மாட்ட நேத்தே வித்து ஓட்டியாச்சு."
எங்கே?
"கவரப்பேட்ட பக்கம் ஒரு ஊடு. கைக்கொழந்த இருக்குதாம். நல்ல பாலா வேணும்னு தேடிக்குனு இருந்தாங்களாம்."
யார் வீடு?
"எனக்கு இன்னா தெரியும்? புரோக்கருதான் ஓட்டிக்குனு போனாரு. அவுரு நம்பர் வேணா தரேன்."
நான்கு முறை அடித்தேன். எடுக்கவில்லை.