முகம் தெளிஞ்ச மாசம்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலயே புழுக்கம். உதடு வெடிப்பு. வாசலின் வாங்கணும்.

தாடையில புதுசா ஒண்ணும் இல்ல. கன்னத்துல பழைய தழும்புங்க மட்டும். முப்பத்திரண்டு வயசு எனக்கு. வயசுக்கு வந்தப்ப வந்த பரு, டாக்டர் குடுத்த மாத்திரையில இப்பத்தான் போவுது. "இன்னும் கொமரின்னு நெனப்பா?" கேட்டவங்க எத்தன பேரு. மஞ்சள், முல்தானி மிட்டி, எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. நீர்க்கட்டிதான் காரணம்னு வேலூர் தோல் டாக்டரம்மா. கல்யாணமாகி ஆறு வருஷமா புள்ள இல்லாததுக்கும் அதேதான்.

ஷூ கம்பெனிக்கு ஆர்டர் குடுக்குற வெளிநாட்டு பையருங்க வந்தாங்க. அவங்க வந்தாலே சூப்பர்வைசர் என்னப் பின்வரிசை மிஷினுக்கு மாத்துவார். இன்னைக்கு மாத்தல. சந்தோஷம். சந்தோஷப்பட்டதுக்கு வெக்கமும்.

ஆகஸ்ட் 9, சனி
ஓவர்டைம் இல்ல. சோல் ஒட்டுற பசை வாடை இத்தன வருஷம் ஒண்ணும் பண்ணல. இன்னைக்கு ஒரே கொமட்டல். பக்கத்து மிஷின் ஷபானா முதுகத் தடவிக்கிட்டே, "நாள் தள்ளிப் போயிருக்காக்கா?" எனக்கு எப்பவும் தள்ளித்தான் போகும்னேன். ஆனாலும் வர்ற வழியில மெடிக்கல்ல டெஸ்ட் கிட் வாங்கினேன்.

ரெண்டு கோடு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
வீட்டுக்காரர் பிரபுகிட்ட காட்டினேன். நம்பல. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டார். அப்புறம் கடைக்கு ஓட்டம். மாதுளை, பேரீச்சை. அத்தகிட்ட இப்ப சொல்ல வேணாம்னேன். ஏன்னு சொல்லல.

பரு மாத்திரை அட்டையில வயித்துப் புள்ளக்காரி படம், மேல குறுக்குக் கோடு. "இது சாப்பிடறப்ப கர்ப்பம் ஆகவே கூடாது, தடுப்பு கட்டாயம்"னு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க. தலையாட்டிட்டு வந்தேன். ஆறு வருஷமா நிக்காதது இப்பவா நிக்கப்போவுது.

நேத்தே மாத்திரைய நிறுத்தியாச்சு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
லீவ். வேலூர். மாத்திரை அட்டையக் காட்டி பஸ்ஸுலதான் பிரபுகிட்ட விஷயத்த சொன்னேன். பள்ளிகொண்டா தாண்டுற வரைக்கும் அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தார். அப்புறம், "முகத்துக்காகவா, சுகந்தி?"

சொன்ன உடனே என் கையப் புடிச்சிக்கிட்டார். ஆனா சொல்லிட்டார். என் முகத்தப் பத்தி ஒரு வார்த்த பேசாத ஒரே ஆளு.

ஸ்கேன்ல துடிப்பு இருந்துச்சு.

"மூள, இதயம், காது, எது வேணா பாதிக்கலாம். ஆபத்து ஜாஸ்தி. கட்டாயம் பாதிக்கும்னு சொல்ல மாட்டேன். பாதிக்காதுன்னும் சொல்ல முடியாது." பிரசவ டாக்டரம்மா சொன்னாங்க.

"பெரிய ஸ்கேன்ல தெரியாதா மேடம்?" பிரபுதான் கேட்டார்.

"எல்லாமே தெரியாதுப்பா. முடிவு நீங்க ரெண்டு பேரும் எடுக்கணும். ரொம்ப தள்ளிப் போடாதீங்க."

ஆகஸ்ட் 15, வெள்ளி
லீவ். தெருவுல மைக் செட்டு, கொடி. "நீ எது சொன்னாலும் சரி"ங்கிறார். அதுதான் கோவம். அவரும் ஏதாச்சும் சொல்லணும் இல்ல? கத்திட்டேன். அப்பதான் வாயத் திறந்தார். "பயமா இருக்கு. நமக்கப்புறம் அத யாரு பாத்துப்பாங்க?"

எனக்கும் அதே பயம்தான். வேண்டாம்னு சேர்ந்தே முடிவு பண்ணோம். அப்புறம் ரொம்ப நேரம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கல.

ஆகஸ்ட் 21, வியாழன்
முடிஞ்சுது. மழை. அடிவயிறு இழுத்துப் புடிக்குது. அத்தகிட்ட சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லியிருக்கோம். ரசஞ்சோறு கரைச்சுக் குடுத்தாங்க. தாடையப் புடிச்சுத் திருப்பிப் பாத்து, "இன்னா தெளிவு பாரேன் மொகம்! ஒடம்பு சூடு எறங்கிடுச்சுடி. இனிமே புள்ள நிக்கும்."

ரசத்த மிச்சம் வைக்காமக் குடிச்சேன்.

செப்டம்பர் 1, திங்கள்
வேலைக்குப் போனேன். எல்லாரும் முகத்தப் பத்தியேதான். ஷபானாவுக்கு அடுத்த மாசம் நிக்காஹ். நெத்தி பூரா பரு. "அக்கா, அந்த மாத்திர பேரு மட்டும் சொல்லு. மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்கிறேன். டாக்டர்னா வீட்ல பேஜாரு."

சொல்லல. கேன்டீனுக்குப் பின்னால கூட்டிட்டுப் போய் நடந்தத சொன்னேன். பிரபுவத் தவிர யாருக்கும் தெரியாதது. டாக்டர் இல்லாம தொடாதன்னேன். கல்யாணம் ஆகப்போறத டாக்டர்கிட்ட மறைக்காதன்னேன். அழாமத்தான் சொன்னேன்.

துப்பட்டாவால வாயப் பொத்திக்கிட்டா. அப்புறம், "மனசுல பேரு ஏதாச்சும் வச்சிருந்தியாக்கா?"

வச்சிருந்தேன்னேன். பெல் அடிச்சுடுச்சு.